பத்தாம் நாளில் நின்றுபோன தியானம்

கேள்வி: எனக்கு 47 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமம். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார், மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். ஒரு வருடம் எட்டு மாதமாக அத்தை, அதாவது என் மாமியார், பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து படுக்கையில் இருக்கிறார்கள். பேச்சு இருக்கிறது, ஆனால் அதிகம் பேசுவதில்லை. அவர்களைத் துடைத்து, உடுத்தி, ஊட்டி, துணி அலசி முடிக்கவே பொழுது போய்விடுகிறது. கோவிலுக்குப் போய் மாதக்கணக்காகிறது. வேதாகமத்தைத் திறந்து உட்கார்ந்தால் தூக்கம்தான் வருகிறது.

என் தோழி வாட்ஸ்அப்பில் ஒரு தியானத் திட்டம் அனுப்பினாள். 30 நாள், 30 வீட்டுப் பொருள். முதல் நாள் உப்பு, அப்புறம் விளக்கு, துடைப்பம், சாவி, கடிகாரம் என்று போகும். பொருளைப் பார்த்து, வசனத்தை வாசித்து, அது எனக்கு என்ன சொல்கிறது என்று எழுத வேண்டும். ஒன்பது நாள் செய்தேன். பத்தாம் நாள் கண்ணாடி. பார்த்தேன், அழுகைதான் வந்தது. அதோடு விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் துடைத்துவிடும்போது அத்தை வழக்கம்போல என் கையைத் தட்டிவிட்டார்கள். தண்ணீர் பேசினைத் தூக்கித் தரையில் அடித்துவிட்டேன். அதில் கீறல் விழுந்துவிட்டது. இன்னும் அதைத்தான் புழங்குகிறேன். பார்க்கும்போதெல்லாம் குத்துகிறது.

மற்றவர்களுக்குக் கரண்டியில்கூட ஆண்டவர் பேசுகிறார், எனக்கு ஏன் பேசவில்லை? விசுவாசம் குறைந்துவிட்டதா? பொருளுக்கெல்லாம் அர்த்தம் வைத்தால் அது விக்கிரகத்தில்தான் கொண்டுபோய் விடும் என்கிறார் என் நாத்தனார். அது சரியா? அத்தை நன்றாக இருந்த காலத்தில் உலை வைக்கும்போதெல்லாம் சபைக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவார்கள். இப்போது அந்தப் பாட்டில் அலமாரியில் காலியாக இருக்கிறது. அவர்களுக்கு இதெல்லாம் இயல்பாக வந்தது, எனக்கு வரவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தப் பேசினை மாற்றுங்கள். இன்றைக்கே மாற்றுங்கள்.

போதகராவதற்கு முன்னால் நான் செவிலியராக இருந்தவள். அப்புறமும் வருடக்கணக்கில் மருத்துவமனை வார்டுகளில்தான் என் ஊழியம். அதனால் உங்கள் கடிதத்தை வாசித்தபோது வசனத்துக்கு முன்னால் அந்தக் கீறல்தான் கண்ணில் பட்டது. பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் அதன் ஓரம் பிளேடு மாதிரி. நாள்பட படுக்கையில் இருப்பவர்களின் தோல் மெலிந்திருக்கும், லேசாக உரசினாலே போதும். விழுந்த பக்கத்தில் பட்டால் அத்தைக்கு வலி தெரியாமலே புண்ணாகிவிடலாம்.

மாற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எந்தப் பொருளும் உங்களோடு பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பொருள் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பேசின். 'நீ பொறுமையில்லாதவள், நோயாளி முன்னால் பாத்திரத்தை எறிந்தவள்' என்று காலையும் மாலையும் சொல்கிறது. நீங்களும் அதை ஒரு தண்டனையாக வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். புதிதாக ஒன்று வாங்க முடியாததாலா ஒருவர் கீறல் விழுந்ததையே புழங்குவார்? ஆண்டவர் உங்களுக்கு அப்படி ஒரு ஞாபகச் சின்னத்தை வைக்கவில்லை. அன்று நடந்ததை அவரிடம் சொல்லிவிட்டீர்கள், அத்தையிடமும் மன்னிப்புக் கேட்டிருப்பீர்கள். இன்னும் கேட்கவில்லை என்றால் புதுப் பேசினில் தண்ணீர் கொண்டுபோகிற அன்றைக்குக் கேளுங்கள். பழையதைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

சரி, இப்போது அந்த முப்பது நாள் திட்டத்துக்கு வருகிறேன்.

உங்கள் தோழி நல்ல மனதோடுதான் அனுப்பியிருக்கிறார். அப்படிச் செய்து பலன் பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது, உங்களைப்போல வேலையில் மூழ்கியிருப்பவர்களுக்கு அது சீக்கிரம் தெரிந்துவிடும். பொருளை மேசையில் வைத்து, தள்ளி உட்கார்ந்து, இது எதைப்போல இருக்கிறது என்று யோசிக்கச் சொல்கிறது. சாவி திறக்கும், ஜெபமும் திறக்கும். கடிகாரம் ஓடும், காலமும் ஓடும். நான்கு நாள் நன்றாக இருக்கும். ஐந்தாம் நாள் விடுகதை போட்ட மாதிரி ஆகிவிடும். வீட்டில் ஆற அமர உட்கார நேரம் உள்ளவருக்குச் சரி. உங்களுக்கு அது இன்னொரு வேலையாகிவிட்டது, அதுவும் மதிப்பெண் போடுகிற வேலை.

ஆண்டவர் பொருள்களைப் பற்றிப் பேசிய விதத்தைக் கவனித்துப் பாருங்கள். அவருடைய உவமைகளில் வருகிற சாமான்கள் அநேகமாக யாருடைய கையிலாவது இருக்கும். புளித்தமாவைப் பற்றிச் சொல்லும்போது ஒரு ஸ்திரீ அதை எடுத்து மூன்றுபடி மாவிலே அடக்கிவைக்கிறாள். நம் வேதாகமத்தில் 'மூன்றுபடி' என்று வாசித்தால் சின்ன அளவாகத் தோன்றும். மூலத்தில் உள்ள யூத அளவு ஒன்றே சுமார் 13 லிட்டர் பிடிக்கும். மூன்று என்றால் ஏறக்குறைய 40 லிட்டர் மாவு, நூறு பேருக்கு மேல் அப்பம் சுடலாம். அவ்வளவு மாவைக் கையால் பிசைகிறவளுக்குத் தோள் என்ன ஆகியிருக்கும்! அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, சமைக்கிற நம்மூர் ஆட்களுக்குத்தான் அது புரியும். பரலோக ராஜ்யம் அதற்கு ஒப்பாயிருக்கிறது என்று அவர் சொன்னபோது கூட்டத்தில் நின்ற பெண்களுக்கு மாவைவிட முதலில் தங்கள் தோள்வலிதான் நினைவுக்கு வந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

காணாமற்போன வெள்ளிக்காசும் அப்படித்தான். லூக்கா 15ஆம் அதிகாரத்தில் அந்தப் பெண் விளக்கைக் கொளுத்துகிறாள், வீட்டைப் பெருக்குகிறாள், காசு அகப்படும்வரைக்கும் தேடுகிறாள். துடைப்பம் தனியாக எந்தப் பாடமும் நடத்தவில்லை. தேடுகிறவளின் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். தேடுகிற தேவனை அவளுக்கு ஒப்பிட்டு ஆண்டவர் பேசுகிறார். குனிந்து மூலை மூலையாகப் பெருக்குகிற ஒரு பெண்ணுக்கு! இதை எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

மலைப்பிரசங்கத்தில் விளக்கைக் கொளுத்தி மரக்காலால் மூடிவைக்க மாட்டார்கள் என்று வருகிறதே, அந்த மரக்கால் நெல் அளக்கிற மரக்கால்தான். நம் முன்னோர் மொழிபெயர்த்தபோது வேறு நாட்டு அளவைப் பெயரைப் போடாமல், வீட்டு மூலையில் கிடந்ததையே எடுத்து வைத்தார்கள். கேட்கிறவர் கைக்குப் பழக்கமான சாமானாக இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

ஆகவே என் ஆலோசனை இதுதான். முப்பது பொருளையும் விட்டுவிடுங்கள். தள்ளி வைத்துப் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். ஏற்கனவே உங்கள் கையில் என்ன இருக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். மோசேயிடம் ஆண்டவர் கேட்டதும் அதுதான், 'உன் கையிலிருக்கிறது என்ன?' அவன் ஒரு கோல் என்றான். ஆடு மேய்க்கிற கோல், தினமும் பிடித்துப் பிடித்து வழவழப்பான கோல்.

உப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன், நீங்கள் தூத்துக்குடிப் பக்கம் என்பதால். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து அதிகமாக உப்பு விளைகிற மாநிலம் நம்முடையது, அதில் பெரும்பகுதி உங்கள் மாவட்டத்து உப்பளங்களில்தான். ஆரம்ப காலத்தில் அந்த அளங்களுக்குப் பக்கத்து சபை ஒன்றில் சில வருடம் இருந்தேன். வழக்கமான உப்புப் பிரசங்கத்தை அங்கேயும் செய்தேன், உப்பு கரைந்து மறைந்து ருசி கொடுக்கிறது என்று. ஆராதனை முடிந்ததும் ஒரு அம்மா வந்து ஒன்றும் பேசாமல் தன் உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினார்கள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெடித்து, வெடிப்புக்குள் வெள்ளையாக இருந்தது. 'இதுக்கும் சேத்து ஜெபிங்கம்மா' என்றார்கள். அன்றிலிருந்து குழம்பில் உப்பு போடும்போது எனக்கு வசனம் அப்புறம்தான் வரும், அந்தக் கால்தான் முதலில் வரும். வெயிலில் உப்பு வெள்ளை கண்ணைக் கூச, பலகையால் வாரிக் குவிக்கிற ஆட்களுக்காக ஒரு வார்த்தை ஜெபிப்பேன். மழைக்காலத்தில் அளத்தில் வேலை இருக்காது, அந்த மாதங்களில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. வீட்டுக்குள் வருகிற பொருள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் உழைப்பைச் சுமந்துகொண்டு வருகிறது. அவரை நினைத்து ஜெபிக்க நோட்டும் பேனாவும் வேண்டாம், அடுப்படியில் நின்றபடியே செய்யலாம்.

உங்கள் நாத்தனார் கேட்டதைத் தள்ளிவிடாதீர்கள். அதில் நியாயம் இருக்கிறது. வனாந்தரத்தில் மோசே செய்த வெண்கல சர்ப்பம் தேவன் சொல்லித்தான் செய்யப்பட்டது, அதைப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். பல நூறு வருடம் கழித்து ஜனங்கள் அதற்கே தூபங்காட்ட ஆரம்பித்தபோது எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டு, நிகுஸ்தான் என்று பேர் வைத்தார். வெறும் வெண்கலத் துண்டு என்கிற மாதிரி ஒரு பேர். தேவன் கொடுத்த பொருளே அவருக்கும் நமக்கும் நடுவில் வந்து நின்றால் அதை உடைக்கத்தான் வேண்டும். வீட்டில் ஒரு பொருள் இருப்பதால்தான் ஆசீர்வாதம், அது உடைந்தால் கேடு என்று நினைக்க ஆரம்பித்தால் உங்கள் நாத்தனார் சொல்வது முழுக்கச் சரி. கீறல் விழுந்த பேசின் உங்களைக் குற்றம் சாட்டுகிறது என்று நினைப்பதும் அதே வகைதான், யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அதே வேதாகமத்தில் சகரியாவின் கடைசி அதிகாரமும் இருக்கிறது. பிரதான ஆசாரியனின் நெற்றியில் பொன் தகட்டில் வெட்டியிருந்த 'கர்த்தருக்குப் பரிசுத்தம்' என்கிற அதே வார்த்தை, கர்த்தருடைய நாளில் குதிரையின் மணிகளில் எழுதியிருக்கும் என்கிறார் தீர்க்கதரிசி. அதோடு நிறுத்தவில்லை. எருசலேமிலும் யூதாவிலும் உள்ள எல்லாப் பானைகளும் கர்த்தருக்குப் பரிசுத்தமாயிருக்கும் என்கிறார். எல்லாப் பானைகளும் என்றால் வீட்டுப் பானையும்தான், அடிப்பிடித்த பானையும்தான். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் தன் மடத்துக்கு ஒழுங்குகள் எழுதியபோது, சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஒரு கட்டளை வைத்தார். மடத்தின் பாத்திர பண்டங்கள் எல்லாவற்றையும் பலிபீடத்தின் பரிசுத்த பாத்திரங்களைப்போல எண்ணிக் கையாள வேண்டும் என்று. பானையைக் கும்பிடச் சொல்லவில்லை. அதைக் கையாளுகிற வேலையைத் தேவ சமுகத்தில் செய்கிற வேலையாகச் செய்யச் சொன்னார். உங்கள் நாத்தனாரிடம் இந்த வித்தியாசத்தை உட்கார்ந்து பேசலாம். அவர் பக்கத்து ஊரில்தான் இருக்கிறார் என்றால் அவரிடம் பேச வேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு, கீழே சொல்கிறேன்.

கண்ணாடி நாளைப் பற்றி. விசுவாசம் குறைந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் உங்கள் கடிதத்தில் விசுவாசக் குறைவைப் பார்க்கவில்லை. 20 மாதம் சரியாகத் தூங்காத ஒரு பெண்ணைப் பார்க்கிறேன். கண்ணாடியில் நீங்களும் அவளைத்தான் பார்த்தீர்கள், பார்த்ததும் அழுகை வந்தது. அதில் பிசகு ஒன்றும் இல்லை. அந்த முப்பது நாளில் உண்மையாக நடந்த தியானம் அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன்.

எலியா தீர்க்கதரிசி, 'போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்' என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தேவன் அவருக்கு உடனே பிரசங்கம் செய்யவில்லை. தூதன் தட்டி எழுப்பினான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. அடை! நம் அடுப்படி வார்த்தை. சாப்பிட்டார், குடித்தார், திரும்பப் படுத்துக்கொண்டார். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை எழுப்பி, போகவேண்டிய தூரம் அதிகம், சாப்பிடு என்று மட்டும்தான் சொன்னான். மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்கு அப்புறம், நாற்பது நாள் கழித்து. வேதம் வாசிக்க உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது என்று வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். தூங்குங்கள். மடியில் வேதம் திறந்திருக்கத் தூங்கிப்போவதை அவர் குறையாக எண்ண மாட்டார்.

17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து கார்மேல் மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். போர்வீரராக இருந்தவர், கால் ஊனம். மடத்தில் அவருக்குக் கொடுத்த வேலை சமையல்கட்டு. ஆண்டவருடைய சமுகத்தை அடுப்படியில் உணர்ந்தவர் என்று உலகமெல்லாம் அவரைச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் அநேகமாக விட்டுவிடுகிற ஒரு விஷயம் உண்டு. அவருக்கு அந்த வேலை இயல்பாகவே பிடிக்காது. பிடிக்காத அந்த வேலையைப் பதினைந்து வருடம் செய்தார். ஆண்டவர்மேல் உள்ள அன்புக்காகச் செய்கிறேன் என்று சொல்லிச் சொல்லித்தான் அது அவருக்கு லேசானது. அத்தைக்கு இயல்பாக வந்தது எனக்கு வரவில்லை என்கிறீர்களே, அத்தைக்கும் முதல் நாளிலேயே வந்திருக்கும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? அவர்களிடமே கேளுங்கள்.

நாத்தனாரிடம் பேச வேண்டியதாக நான் சொன்னது இதுதான். வாரத்தில் ஒரு நாள், காலை ஏழு மணியிலிருந்து மதியம் வரை, அவருடைய அம்மாவை அவர் பார்த்துக்கொள்ளட்டும். அவரால் முடியாது என்றால் உங்கள் சேகரத்துப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொல்லுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். வீட்டில் ஆள் விழுந்திருக்கிறார் என்று தெரிந்தும் யாரும் வரவில்லை என்ற வருத்தம் உங்கள் கடிதத்தில் சொல்லாமலே தெரிகிறது. பெரும்பாலும் என்ன செய்வதென்று தெரியாமல்தான் ஆட்கள் ஒதுங்குகிறார்கள். 'செவ்வாய்க்கிழமை காலையில் நான்கு மணி நேரம் வந்து இருக்க முடியுமா' என்று நாளும் நேரமும் சொல்லிக் கேட்டால் வருவார்கள்.

இப்போது அந்தப் பேசினும் துவாலையும்.

யோவான் 13ஆம் அதிகாரத்தை நிதானமாக ஒரு தடவை வாசியுங்கள். பிதா எல்லாவற்றையும் தம்முடைய கையில் ஒப்புக்கொடுத்தார் என்று இயேசு அறிந்திருந்தார் என்று மூன்றாம் வசனம் சொல்கிறது. எல்லாம் வந்து சேர்ந்த அந்தக் கையால் அவர் அடுத்து எடுத்தது என்ன? 'ஒரு சீலையை எடுத்து, அரையிலே கட்டிக்கொண்டு, பின்பு பாத்திரத்தில் தண்ணீர் வார்த்து.' நீங்கள் தினமும் காலையில் செய்கிற அதே வரிசை. சேலையை இடுப்பில் செருகி, துவாலையைத் தோளில் போட்டு, பேசினில் தண்ணீர் ஊற்றி.

அதற்கு அடுத்தது நடந்ததைப் பாருங்கள். பேதுரு காலை இழுத்துக்கொள்கிறார். 'நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது' என்கிறார். ஆண்டவருடைய கையையும் ஒருவர் தட்டிவிட்டார், சகோதரி.

பேதுருவுக்கு அவர்மேல் வெறுப்பு இல்லை. தாங்க முடியாத கூச்சம். உங்கள் அத்தை ஒரு காலத்தில் அந்த வீட்டை ஆண்டவர்கள். உலையும் அரிசியும் அவர்கள் கணக்கில் இருந்தன. இன்று மருமகள் கையில் தங்கள் உடம்பைக் கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிறார்கள், அதுவும் தினமும். மிச்சமிருக்கிற ஒரு கை வலது கை. வேண்டாம் என்று சொல்ல அவர்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

ஆகவே சில மாற்றங்கள் செய்து பாருங்கள். இது செவிலியராக நான் சொல்வது. தொடுவதற்கு முன்னால் சொல்லுங்கள், 'அத்தை, இப்போ முகம் துடைக்கப் போறேன்' என்று. துவாலையை நனைத்துப் பிழிந்து அவர்கள் வலது கையில் கொடுத்துவிடுங்கள், முகத்தையும் கழுத்தையும் அவர்களே துடைத்துக்கொள்ளட்டும். பாதிதான் துடைப்பார்கள், பரவாயில்லை, மீதியை நீங்கள் செய்யுங்கள். துடைக்கிற இடத்தை மட்டும் திறந்து மற்ற இடத்தைப் போர்வையால் மூடியே வையுங்கள். தண்ணீரின் சூட்டை உங்கள் முழங்கையில் பாருங்கள். விழுந்த பக்கத்தில் சூடு தெரியாமல் போகலாம் என்பதால் அவர்களுடைய வலது கையில் ஒரு சொட்டு விட்டு, 'போதுமா அத்தை' என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கிறீர்களா? முதுகிலோ இடுப்பிலோ குதிகாலிலோ சிவப்பு தெரிந்து, அமுக்கினாலும் மாறாமல் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஜெபம்? துவாலையைப் பிழிகிற நேரத்துக்கு ஒரு வரி போதும். என் வார்டில் ஒரு அம்மா இருந்தார்கள், கணவர் மூன்று மாதம் படுக்கையில். ஒவ்வொரு தடவையும் துவாலையைப் பிழிந்து நான்காக மடித்துக் கட்டில் கம்பியில் போடும்போது 'ஸ்தோத்திரம் ஆண்டவரே' என்பார்கள். ஒரு நாள் என்னம்மா நினைத்துக்கொண்டு சொல்கிறீர்கள் என்று கேட்டேன். 'ஒண்ணும் நினைக்கலைம்மா, வேற வார்த்தை வரல' என்றார்கள். அதற்கு மேல் நானும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மூன்று மாதத்தில் அவர்கள் எத்தனை தடவை பிழிந்திருப்பார்கள்!

உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றாலும் கவலைப்படாதீர்கள். கால் கழுவப்படும்போதே பேதுருவிடம் ஆண்டவர் சொல்லிவிட்டார், 'நான் செய்கிறது இன்னதென்று இப்பொழுது நீ அறியாய், இனிமேல் அறிவாய்' என்று. அர்த்தம் புரிவதற்காக அவர் காத்திருக்கவில்லை, கழுவி முடித்தார். அத்தைக்குச் செய்கிற வேலையின் அர்த்தம் இரண்டு வருடம் கழித்தும் உங்களுக்கு விளங்கலாம். துணி அலசுவதும் அப்படித்தான். 1522இல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் திருமண வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது, பிள்ளையின் மூத்திரத்துணியை விசுவாசத்தோடு அலசுகிற தகப்பனைப் பார்த்து ஊர் சிரித்தாலும், தேவனும் தூதர்களும் சந்தோஷத்தில் புன்னகைக்கிறார்கள் என்று எழுதினார். அந்த மாதிரித் துணியைத்தான் நீங்களும் பின்வாசலில் அலசுகிறீர்கள்.

கடைசியாக அந்த ஹார்லிக்ஸ் பாட்டில்.

கைப்பிடி அரிசி நம் சபைகளில் வெகுநாள் வழக்கம். என் அம்மாவும் எடுத்து வைப்பார்கள், மண்கலயத்தில். உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி, அவ்வளவுதான். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் பிடி குறையாது, நாங்கள்தான் கஞ்சியைக் கொஞ்சம் நீர்க்கக் குடிப்போம். மிசோரம் மலைச் சபைகளில் 1910இல் தொடங்கிய இதே வழக்கம் இன்றைக்கும் வீடு வீடாக நடக்கிறது, பெரிய ஊழியங்களையே அது தாங்குகிறது. கையில் காசு இல்லாத பெண்களுக்கு, யாரையும் கேட்காமல், தங்கள் அதிகாரத்தில் கொடுக்க முடிந்த காணிக்கை அது. உங்கள் அத்தைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அந்தப் பிடி அரிசியில் அவர்கள் வசனத்தைத் தேடியிருக்க மாட்டார்கள். கொடுத்தார்கள்.

அதை நீங்கள் தொடர வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. அது அத்தையுடைய காணிக்கை. பாட்டிலைக் கழுவி வெயிலில் காய வையுங்கள். நாளைக்கு உலை வைக்கும்போது அளந்த அரிசியைக் கிண்ணத்தோடு கட்டிலுக்குக் கொண்டுபோங்கள். பாட்டிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். வாய் குறுகலாக இருந்தால் அகலமான டப்பா ஒன்று எடுங்கள். 'அத்தை, சபைக்குப் பிடி அரிசி எடுக்கணும்' என்று மட்டும் சொல்லிக் கிண்ணத்தை அவர்கள் வலது கைப் பக்கம் நீட்டுங்கள். வேறு எதுவும் விளக்க வேண்டாம். அரிசி சிந்தும், ஒரு பழைய துண்டை விரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் கையைத் தட்டிவிட்டால் வற்புறுத்தாதீர்கள், மறுநாள் திரும்ப நீட்டுங்கள். எடுத்தால், எவ்வளவு சின்னப் பிடியாக இருந்தாலும் நீங்கள் கூட்டிப் போடாதீர்கள்.

உங்கள் குருவானவரிடம் ஒரு விண்ணப்பம் வையுங்கள். நோயாளிகளுக்கு வீட்டுக்கே வந்து திருவிருந்து கொடுப்பது அவருடைய கடமைகளில் ஒன்று, கேட்டால் வருவார். அத்தைக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும் சேர்த்துத்தான். கட்டில் பக்கத்தில் மருந்து வைக்கிற சின்ன மேசை இருக்குமே, அதைத் துடைத்து ஒரு வெள்ளைத் துணி விரித்துவிடுங்கள், அது போதும். பாட்டில் அதற்குள் பாதி நிறைந்திருந்தாலும் சரி, அடியில் நான்கு பிடிதான் கிடந்தாலும் சரி, அதையும் அந்த மேசையில் வையுங்கள். திருவிருந்து முடிந்ததும் அத்தை கையாலேயே அவரிடம் கொடுக்கட்டும்.